காற்று: காட்சியா, கருதலா?

காற்றை மனிதர் நேராக உணர்கிறார்களா, அடையாளங்களைக் கொண்டு கருதி அறிகிறார்களா என்பது இந்தியத் தத்துவத்தில் நெடுங்காலம் நடந்த வழக்கு. கணாதரின் வைசேடிகம் ஏற்கும் ஒன்பது பொருள்களில் காற்றும் ஒன்று. மணிமேகலையில் வைசேடிகவாதி சொல்லும் வரிசையிலும் அது உண்டு. புறப்பொருள் காட்சிக்கு எட்ட நிறம் வேண்டும் என்பது பழைய வைசேடிகர் துணிபு. காற்றுக்கோ நிறமில்லை. ஆகவே வெம்மையும் தண்மையும் அல்லாத ஊறு, ஓசை, பஞ்சு முதலியவற்றைத் தாங்கும் ஆற்றல், கிளைகளின் அசைவு என்ற நான்கு குறிகளால் அதைக் கருதியே அறிகிறோம் என்றார் வைசேடிக உரையாசிரியர் பிரசஸ்தபாதர்.

காற்று ஒன்றா பலவா என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை இன்னும் நுட்பமானது. காற்றோடு காற்று மோதுவதே அது பல என்பதற்குக் குறி என்கிறது வைசேடிக சூத்திரம். சம வேகத்தில் எதிரெதிரே வரும் இரு காற்றுகள் முட்டினால் மேலெழும். அந்த எழுச்சியும் கண்ணில் படாது என்பதால், புல் போன்றவை மேலே போவதிலிருந்து அதை ஊகிக்க வேண்டும் என்று பிரசஸ்தபாதர் விளக்குகிறார். கொந்தளிக்கும் காற்றை இத்தனை கவனமாகப் பார்த்தவர்கள் தத்துவவாதிகள் என்பது போற்றத்தக்கது.

அந்த மோதலில் நடப்பதை இயற்பியல் அழுத்தத்தால் விளக்குகிறது. ஓட்டங்கள் முட்டும் இடத்தில் வேகம் அடங்க, அழுத்தம் கூடுகிறது. கூடிய அழுத்தம் காற்றை மேலே தள்ளுகிறது. சுவரில் மோதும் காற்றுக்கும் இதே கணக்குத்தான். விநாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று தடைபட்டு நின்றால் சுமார் 60 பாஸ்கல் ஏறும். வேகம் இரட்டித்தால் ஏற்றம் நான்கு மடங்காகி 245 பாஸ்கலை எட்டும். கடல்மட்ட வளியழுத்தமான 1,01,325 பாஸ்கலில் இது கால் சதவீதம்கூட இல்லை. ஆனால் ஓரிரு விநாடிகளில் ஏறி இறங்குவதால் கதவு அறைகிறது, ஜன்னல் அதிர்கிறது. சுவருக்கு மறுபுறம் ஓட்டம் சுழல்களாக உடைகிறது. சுழலின் நடுவில் அழுத்தம் குறைவு. ஒவ்வொரு சுழலும் கடக்கையில் நுட்பமான அழுத்தமானி இறங்கி ஏறும்.

மீமாம்சை நெறியினரும் பிற்கால நியாய நெறியினரும், காற்றைக் கருதியே அறிகிறோம் என்ற பழைய முடிவை மறுத்தனர். நிறம் வேண்டும் என்ற நிபந்தனை கண்ணுக்கு மட்டுமே உரியது, மெய்யால் தீண்டி உணர்வதும் காட்சிதான் என்றனர். 17ஆம் நூற்றாண்டில் தர்க்கசங்கிரகம் எழுதிய அன்னம்பட்டர் அதை ஏற்காமல் பழைய கட்சியிலேயே நின்றார்.

அன்றாட அனுபவம் மறுத்தவர்கள் பக்கம் சாய்வதுபோல் தோன்றும். ஆனால் அசையாத காற்றும் உடலை ஒரு லட்சம் பாஸ்கல் அழுத்தத்தோடு ஓயாமல் தீண்டுகிறது. உடலின் உள்ளழுத்தம் அதற்கு ஈடாக நிற்பதால் அந்தத் தீண்டல் தெரிவதில்லை. வீசும் காற்றின் சிறு ஏற்ற இறக்கமும் குளிர்ச்சியுமே தோலுக்குத் தெரிகின்றன. தோல் உணர்வது மாற்றத்தை. அந்த மாற்றத்துக்கு உரிய பொருளைக் கருதித்தான் அறிய வேண்டியிருக்கிறது. இவ்வழக்கில் பழைய வைசேடிகர் கட்சியே வலுவானது.