அப்பாரு எப்போது எழுந்து வருவார்?



2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி, பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் திங்கட்கிழமை. பாப்பரசர் பிரான்சிஸ் காலஞ்சென்ற செய்தி பிற்பகலில் நமக்கு எட்டியது. முந்தின நாள்தான் அவர் அர்ச். இராயப்பர் பேராலயத்தின் மேல்மாடத்தில் தோன்றி உலகுக்கு ஆசீர் அளித்ததை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். அன்று மாலை கோவில் முற்றத்தில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் என் அங்கியைப் பிடித்து இழுத்தான். "ஏனுங்க சாமி, ஆண்டவர் சாவைச் செயிச்சுட்டாருன்னு நேத்துப் பூசையில சொன்னீங்களே, அப்புறம் ஏன் பாப்பரசர் செத்துப்போனாரு?" என்றான். நான் வாய் திறக்குமுன் அடுத்ததையும் கேட்டுவிட்டான்: "எங்க அப்பாரு எப்பங்க எந்திரிச்சு வருவாரு?"

அவனுடைய அப்பாருக்கு அந்தத் தபசுகாலத்தில்தான் நான் அடக்கப் பூசை செய்திருந்தேன். அவனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "பெரியவனானாப் புரியும் கண்ணு" என்று தலையைத் தடவிவிட்டு, பூசைக்கு நேரமாயிற்று என்று உள்ளே போய்விட்டேன். குருமடத்தில் ஆண்டுக்கணக்காய் வேதசாஸ்திரம் படித்தவன், ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வாக்கியம் இல்லாமல் தப்பி ஓடினேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

"பெரியவனானால் புரியும்" என்று சொல்ல எனக்கு உரிமையும் கிடையாது. 1910-ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் அர்ச். 10-ஆம் பத்திநாதர், ஏறக்குறைய ஏழு வயதில் புத்தி விவரம் வந்த பிள்ளைக்கு நன்மை கொடுக்கலாம் என்று கட்டளையிட்டார். உயிர்த்த ஆண்டவருடைய சரீரத்தையே நாவில் வாங்கத் தகுந்த பிள்ளைக்கு, அவர் உயிர்த்தது இன்னதென்று கேட்கத் தகுதியில்லையா?

பாஸ்கு நெருங்கும்போது தாய்மார் சிலர் என்னிடம் குறைப்படுவதுண்டு. பிள்ளைகளுக்குப் புதுச்சட்டையும் பிரியாணியுமே திருநாளாக இருக்கிறது, மனம் ஆண்டவரிடம் போகவில்லை என்பார்கள். பேக்கரியில் விற்கிற சாக்லேட் முட்டையைக் கேட்டு அழுவதாகவும் சொல்வார்கள். முட்டையின் கதை சிறியது. முற்காலத்தில் ஐரோப்பாவில் தபசுகாலம் முடியும் மட்டும் முட்டையும் விலக்கு. கோழிகள் நோன்பு இருப்பதில்லையாகையால் முட்டைகள் சேர்ந்துபோயின. திருநாளன்று சாயம் பூசி உண்டார்கள். வாங்கிக் கொடுப்பதால் தோஷமில்லை, பிள்ளை அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளப்போவதுமில்லை.

பிரியாணியோடு நீங்கள் சண்டை போடவேண்டாம் என்றே நான் சொல்வேன். சுவிசேஷத்தை வாசித்துப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவர் எம்மாவுஸ் ஊரில் சாப்பாட்டுப் பந்தியில்தான் அடையாளங் காணப்பட்டார். சீஷர்கள் ஆவியென்று அஞ்சியபோது, பொரித்த மீனை வாங்கி அவர்கள் கண்முன் சாப்பிட்டுக் காட்டினார். ஏரிக்கரையில் விடியற்காலை கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தயாராக வைத்துக்கொண்டு, இரவெல்லாம் வலை வீசிக் களைத்தவர்களைப் பசியாற அழைத்தார். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவருக்குச் சோறு வைத்துக் காத்திருக்கும் தாய்மாருக்கு இந்தக் காட்சியை நான் விளக்கவேண்டியதில்லை. நல்ல சாப்பாடு பாஸ்குவுக்கு விரோதமன்று.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பெரிய வெள்ளியை நாம் பிள்ளைகளுக்கு நன்றாகவே காட்டுகிறோம். சிலுவைப்பாதை உண்டு, சிலுவை முத்தி உண்டு. தெற்கத்தி ஊர்களிலிருந்து இங்கு வேலைக்கு வந்திருப்பவர்கள் பாஸ்கு நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள். ஆண்டவரை அடிக்கும் காட்சியில் விம்மி அழுதவர்கள். ஆனால் உயிர்ப்போ நள்ளிரவில், வாணவெடியும் மணியோசையுமாக, பிள்ளை தாயின் மடியில் தூங்கும்போது நடந்து முடிகிறது. நாடகத்தில் செத்தவர் நாடகத்தில் எழுந்தார்; வீட்டிலே செத்த அப்பாரு மட்டும் எழவில்லை. பிள்ளை தன் சிறு புத்தியில் இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறது. நாமோ வீட்டுச் சாவைப் பற்றி அதனிடம் உண்மை பேசுவதில்லை. ஆகவே உயிர்ப்பைப் பற்றி நாம் சொல்வதற்கு ஊன்றி நிற்க இடமில்லாமற் போகிறது.

நம் வீடுகளில் மூன்று பதில்கள் வழங்குகின்றன. "ஊருக்குப் போயிருக்காரு" என்பது முதலாவது. அன்பினால் சொன்னாலும் அது பொய். பிள்ளை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். ஒருநாள் உண்மை தெரியும். அன்று, நாம் சொன்ன மற்றவற்றையும், சேசுநாதர் உயிர்த்தார் என்றதையும் சேர்த்தே சந்தேகிக்கும். "தூங்குறாரு" என்பது இரண்டாவது. வேதாகமத்திலும் அந்த வார்த்தை உண்டு, மெய்தான். ஆனால் ஆண்டவரே இலாசரைக் குறித்து அப்படிச் சொன்னபோது, அப்போஸ்தலர்கள் வெறும் தூக்கம் என்று எண்ணி நிம்மதி அடைந்தார்கள். அதனால் அவன் இறந்துபோனான் என்று அவர் வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது. தாடி நரைத்தவர்களுக்கே அப்படியானால், குழந்தை அன்றிரவு கண்ணை மூட அஞ்சாதா? "சாமிக்குப் பிடிச்சுப்போச்சு, எடுத்துக்கிட்டாரு" என்பது மூன்றாவது. மூன்றிலும் இதைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன். சர்வேசுரனை இது பிள்ளை பிடிக்கிறவனாக ஆக்கிவிடுகிறது. அடுத்து அம்மாவைப் பிடித்துப்போனால் என்ன செய்வது என்று குழந்தை நினைக்கும்.

பின் என்ன சொல்வது? உள்ளதைச் சொல்லுங்கள். அப்பாரு இறந்துவிட்டார். அவர் சரீரம் மண்ணில் இருக்கிறது. அவர் ஆத்துமம் சர்வேசுரன் கையில் இருக்கிறது. அதற்காக நாம் வேண்டிக்கொள்கிறோம். கடைசி நாளிலே ஆண்டவர் அவரை எழுப்புவார். அந்த நாள் எப்போதென்று நமக்குச் சொல்லப்படவில்லை. அவர் இல்லாமல் எனக்கும் கஷ்டமாக இருக்கிறது கண்ணு. இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இன்னும் சற்று நேரத்தில் இலாசரை எழுப்பப்போகிறவர், கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டாரே!

"அப்படியானால் சேசுநாதர் மட்டும் ஏன் மூன்றாம் நாளே எழுந்தார்?" என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். அவர் முதற்பலன் என்று அர்ச். சின்னப்பர் எழுதுகிறார். வயலைக் காணாத நம் பிள்ளைகளுக்கு நான் வேறுவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு ஆர்டர் வந்தால் கம்பெனியில் முதலில் ஒரே ஒரு சாம்பிள் பீஸ் தைக்கிறார்கள். அது அப்ரூவல் ஆகிவிட்டால், மற்ற ஆயிரக்கணக்கான பீஸ்களும் அதைப் போலவே வரும். இன்னும் தைக்கப்படவில்லை; ஆனால் எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிட்டது. சாஸ்திரிகள் சிரித்துக்கொள்ளட்டும், பிள்ளைகளுக்குப் புரிகிறது. இலாசர் எழுந்தது வேறு. அவர் பிறகு வயதாகி மறுபடியும் இறந்தவர். கிழிந்த துணியை ஒட்டுப்போட்டதுபோல என்று அதைச் சொல்லலாம். சேசுநாதர் எழுந்ததோ இனிச் சாகாத உயிருக்கு.

பையனுடைய முதற்கேள்வி இன்னும் நிற்கிறது. சாவைச் செயித்தார் என்றால் இனி யாரும் சாகக்கூடாது என்று பிள்ளை எதிர்பார்க்கிறது. அதே ஏப்ரல் 21-ந் தேதி, 2019-ஆம் ஆண்டில், பாஸ்குத் திருநாளாகவே இருந்தது. அன்று காலை இலங்கையில் கொச்சிக்கடை அர்ச். அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்புக்கு அடுத்த கட்டுவாப்பிட்டிய அர்ச். செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும், கொழும்பில் சில ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் பலர், ஞாயிறு பள்ளிக்கு வந்திருந்த, நம் மொழி பேசும் சிறு பிள்ளைகள். கட்டுவாப்பிட்டியவில் உயிர்த்த ஆண்டவரின் சொரூபத்தின்மேல் இரத்தம் தெறித்திருந்த படத்தை உலகமெல்லாம் கண்டது. அந்தப் படத்தைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் அதை மறந்துவிட்டு, எல்லாம் சுகமாய் முடிந்த கதையாகப் பாஸ்குவைச் சொல்லவேண்டாம். சேசுநாதர் உயிர்த்தபின்னும் அவர் கைகளில் காயம் இருந்தது; அதைத் தோமையாருக்குக் காட்டினார். சாவு இனியும் அடிக்கும், ஆனால் நம்மை வைத்துக்கொள்ள அதற்கு முடியாது என்று ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். நான் சொன்னபோது அது விளங்கிக்கொண்டது.

இனி, வீட்டில் செய்யக்கூடியவை. திருமுருகன்பூண்டியில் வாழும் நமக்கு இரண்டு வசதிகள் உண்டு: கல்லும் துணியும்.

உளிச் சத்தம் கேட்டு வளரும் பிள்ளைகள் நம்முடையவர்கள். பெரிய வாரத்தில் ஒருநாள் சிற்பக்கூடத்தின் பக்கம் பிள்ளையை நடத்திக்கொண்டு போங்கள். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2,700 கிலோ நிற்கும். கிரேன் இல்லாமல் அசையாது. அதைத் தொட்டுத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். பாறையில் குடைந்த கல்லறையையும், வாசலில் புரட்டி வைத்த கல்லையும், அதை யார் புரட்டுவார் என்று பேசிக்கொண்டே விடியற்காலையில் நடந்த பெண்களையும் அங்கேயே சொல்லுங்கள். பூட்டிய அறைக்குள் வரக்கூடிய ஆண்டவருக்கு வெளியே வரக் கல் புரளவேண்டியதில்லை; நாம் உள்ளே பார்ப்பதற்காகப் புரண்டது.

துணி அதைவிடச் சுலபம். கல்லறைக்குள் குனிந்து பார்த்த அருளப்பரும் இராயப்பரும் கண்டது துணிகளைத்தான். தலையில் கட்டியிருந்த துண்டு தனியே சுருட்டி வைத்திருந்தது. செக்கிங் முடித்து மடித்து அடுக்கும் வீட்டில் பிறந்த குழந்தையிடம், "திருடன் வந்து உடலைத் தூக்கிக்கொண்டு போனால் துணியை மடித்து வைப்பானா?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது மறைக்கல்வி வகுப்பே சிரித்தது. பிறகு ஒரு சிறுமி சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

பெரிய சனிக்கிழமை நமக்குச் சங்கடமான நாள். சம்பள நாள், சாயங்காலம் வரை வேலை, பிறகு கடைவீதி. ஆயினும் அன்று பகலில் தொலைக்காட்சியை அணைத்து வையுங்கள். திருச்சபை அன்று பகலில் பூசை வைப்பதில்லை. நற்கருணைப் பேழை திறந்து வெறுமையாய்க் கிடக்கிறது. காத்திருப்பது எப்படி என்று பிள்ளை ஒருநாளாவது அறியட்டும். பிற்பகலில் தூங்கவைத்து இரவு அழைத்து வாருங்கள். இந்த இரவே ஒரு காலத்தில் நமக்கு இல்லாதிருந்தது. பல நூற்றாண்டுகளாகப் பாஸ்குத் திருவிழிப்பைச் சனி காலையிலேயே, வெயிலில், நாலு பேரை வைத்துக்கொண்டு நடத்தி முடித்துவந்தார்கள். 12-ஆம் பத்திநாதர் 1951-இல் இரவில் செய்ய அனுமதி தந்து, 1956 முதல் எங்கும் அப்படியே செய்யச் சட்டமாக்கினார். இருளில் ஏற்றுகிற விளக்குக்குத்தானே அர்த்தம்! அன்று கையில் பிடித்த மெழுகுவர்த்தியை வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளையின் ஞானஸ்நான நாளில் ஏற்றுங்கள். பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிற வீடுகளில் ஞானஸ்நான நாள் எதுவென்று கேட்டால் தாய் தந்தையர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கோவில் பதிவேட்டில் இருக்கிறது, வந்து கேளுங்கள்.

ஞாயிறன்று பிரியாணியை அடுத்த வீட்டுக்குப் பிள்ளை கையில் கொடுத்தனுப்புங்கள். அந்த வீட்டு அக்கா வேறு சமயத்தவராயிருப்பார், "இன்னைக்கு என்ன கண்ணு விசேஷம்?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள். நான் வைக்கிற மறைக்கல்விப் பரீட்சையைவிட அது நல்ல பரீட்சை. இன்னொன்று, கசப்பானது. ஏரிக்கரையில் அந்தக் கரிநெருப்பின் அருகே ஆண்டவர் மறுதலித்த இராயப்பரை மூன்று தரம் கேட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார். சித்தப்பா வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினாலும், பிள்ளை எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியும். கம்பெனி நடத்துகிற நம் பங்கினருக்கும் ஒரு வார்த்தை: ஷிப்மெண்ட் அவசரம் எனக்குத் தெரியாததன்று; ஆயினும் அந்த ஒரு ஞாயிறு அப்பா அம்மாவைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

நாற்பது நாள் கறி விலக்கி, பூ முடிக்காமல் இருக்கும் வீடுகள், உயிர்ப்பை ஒருவேளைச் சாப்பாட்டோடு முடித்துவிடுகின்றன. திருச்சபை அதற்கு இஸ்பிரீத்துசாந்து திருநாள் மட்டும் ஐம்பது நாள் வைத்திருக்கிறது.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லவேண்டும். அடுத்த ஞாயிறு அவன் தாயிடம் சொல்லி, மூவருமாய்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மேலே நான் எழுதியதைத்தான், இன்னும் தட்டுத்தடுமாறி, அவனுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த நாள் வரைக்கும் அப்பாருக்கு இருட்டா இருக்காதுங்களா சாமி?" என்றான். அவர் ஆத்துமம் ஆண்டவரிடம் இருக்கிறது, அங்கே இருட்டில்லை என்றேன். சரி என்று தலையாட்டினான். இருந்தாலும் பாஸ்கு இரவில் வாங்கிய மெழுகுவர்த்தியைப் பையிலிருந்து எடுத்து ஏற்றித் தலைமாட்டில் வைத்தான். நான் தடுக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மட்டும் கல்லறைக்குப் போகிறவர்கள், இந்த ஆண்டு பாஸ்கு ஞாயிறன்றும் பிள்ளைகளோடு போய்வாருங்கள். சொந்தக்காரர் கல்லறை தூரத்து ஊரில் இருந்தால், வீட்டில் படத்தின் முன் ஏற்றினால் போதும்.

பெரிய சனி இரவு 11 மணிக்குக் கோவில் முற்றத்தில் புதுநெருப்பு மூட்டப்படும். தூக்கம் தாங்காத சிறுவர்கள் படுக்கத் தாழ்வாரத்தில் பாய் விரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நெருப்பு எரியத் தொடங்கியதும் அவர்களை எழுப்பிவிடுங்கள்.

உங்கள் பங்குச் சுவாமியார்