நானே போட்டுக்கொள்வேன்

குழந்தை முதலில் சொன்ன சொல் “அம்மா” என்று எல்லாரும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஓரிரு ஆண்டுகள் கழித்து அது கற்றுக்கொள்ளும் இன்னொரு சொல்லைப் பற்றி எவரும் பெருமைப்படுவதில்லை. “நானே!” என்பதே அச்சொல். நானே சாப்பிடுவேன், நானே தண்ணீர் ஊற்றுவேன், நானே செருப்பு மாட்டுவேன். வலக்காற் செருப்பு இடக்காலில் ஏறுகிறது. செம்பு கவிழ்ந்து தரை நனைகிறது. “கொண்டா இங்கே” என்று பெரியவரின் கை நீள்கிறது. இல்லந்தோறும் நாள்தோறும் நிகழும் இச்சிறு போராட்டத்தில் நியாயம் யார் பக்கம்? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால், ஒருவருக்கு நன்மை செய்வதாக எண்ணி அவரால் செய்யக்கூடியதை நாமே செய்துவிடும் உரிமை நமக்கு உண்டா என்னும் பெரிய கேள்வி இதற்குள் அடங்கிக் கிடக்கிறது.

சட்டைப் பொத்தானையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது இரு நொடி வேலை. மூன்று வயதுக் குழந்தைக்கோ பெருந்துணிகரம். ஒரு கை பொத்தானைப் பிடிக்க வேண்டும். மறு கை துளையை விரித்துக் கொடுக்க வேண்டும். பாதி நுழைந்த பொத்தானை இப்புறம் விட்டு அப்புறம் பற்றி இழுக்க வேண்டும். இரு கைகளும் வெவ்வேறு வேலை பார்த்து ஒரே காரியத்தை முடிப்பது எளிதில் வாய்ப்பதன்று. ஆகவேதான் பொத்தானைக் கழற்றுவது முதலிலும் போடுவது பின்னரும் கைவருகின்றன. கழுத்தருகே உள்ள பொத்தான் கண்ணுக்குத் தெரியாது. கீழ்ப்பொத்தானில் தொடங்கச் சொல்லும் தாய் அனுபவசாலி. முதன்முறையாக ஒரு பொத்தான் துளைக்குள் சென்று நிலைத்ததும் குழந்தை நிமிர்ந்து நம்மைப் பார்க்குமே, அந்தப் பார்வையைக் கண்டவர்கள் மறப்பதில்லை. தன்னாலும் இவ்வுலகில் ஒன்று நிகழ்ந்தது என்று கண்டுகொண்ட பார்வை அது. மற்றப் பொத்தான்கள் யாவும் ஒரு துளை தள்ளி ஏறியிருக்கலாம். அது வேறு செய்தி.

நம் முன்னோர் இவற்றை இலேசாக எண்ணவில்லை. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தது. தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்க வரும் சிறுவனின் குறும்புக்கும் சிற்றில் என ஒரு தனிப்பருவம் ஒதுக்கினார்கள். (எதையேனும் உடைத்துவிட்டு நிற்கும் நம் வீட்டுச் சிறுவர் இதனை அறியாதிருப்பது பெற்றோருக்கு நல்லது!) பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாடலில் ஒரு குழந்தை நெய்ச்சோற்றைத் தானே அளைந்து உண்டு, மேனியெங்கும் சிந்திக்கொள்கிறது. செல்வம் மிக்க அரசன் ஒருவன் வாழ்வின் பயனை அங்கேதான் கண்டான். அக்குழந்தைக்கு எவரும் ஊட்டிவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நடைவண்டியை முதலில் செய்த தச்சரும் நம் பார்வையில் ஒரு மெய்யியலாளரே. அந்த மூன்று சக்கர மரவண்டி குழந்தையைச் சுமப்பதில்லை. குழந்தைதான் எழுந்து, பிடித்து, தள்ளி, விழுந்து, மறுபடி எழ வேண்டும். பின்னாளில் கடைக்கு வந்த ‘வாக்கர்’ என்னும் வட்டவண்டியோ குழந்தையை நடுவில் அமர்த்தி, உந்தினால் உருண்டோடச் செய்கிறது. இது நடை பழக உதவுவதில்லை, நடையைத் தாமதப்படுத்தவும் கூடும், படிகளில் உருண்டு விழும் விபத்துகளுக்கும் காரணமாகிறது என மருத்துவர்கள் எச்சரித்தார்கள். கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. முன்னது குழந்தையின் முயற்சிக்குத் துணையாக வருகிறது. பின்னது முயற்சியின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது.

ஒருவர் மற்றொருவருக்குக் கற்பிக்க இயலுமா? 1256 முதல் 1259 வரை பாரிசில் பேராசிரியராக இருந்த காலத்தில் புனித தோமா அக்குவினாஸ் இக்கேள்வியை எழுப்பினார். ‘உண்மை குறித்த வினாக்கள்’ என்னும் அவரது நூலில் இதற்கென ஒரு பகுதி உண்டு. விடைக்கு அவர் மருத்துவரைத் துணைக்கு அழைக்கிறார். நோயாளியின் உடலுக்குள் உள்ள இயற்கை ஆற்றலே நலம் தருகிறது. மருத்துவர் புறத்தேயிருந்து அதற்கு உதவுகிறார். அவ்வாறே கற்பவரின் உள்ளொளிதான் கற்கிறது. ஆசிரியர் அதற்குத் துணை நிற்பவர். இதனைச் சட்டைக்குப் பொருத்திப் பார்த்தால், தாய் போட்டுவிட்ட பொத்தானால் சட்டை மூடிக்கொண்டது, குழந்தைக்குள் ஒன்றும் நிகழவில்லை என்றாகிறது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவரும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தவருமான மரியா மொந்தெசோரி அம்மையார், பொத்தான் போடவும் நாடா முடியவும் பழகுவதற்கென்றே துணி பொருத்திய மரச்சட்டங்களைத் தம் கல்விமுறையில் சேர்த்தார். வகுப்பறையில் பொத்தானுக்கு ஓர் இடம்! சிரிக்கத் தோன்றும். ஆனால் தோமாவின் கருத்தைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்த செயல் அது.

நடக்கக் கற்பிப்பவர் ஒன்றை இழக்கவும் செய்கிறார். எப்ராயிமுக்கு நடை பழக்கிய தந்தையாக இறைவனைக் காட்டும் ஓசேயா நூலின் பதினோராம் அதிகாரம் மகிழ்ச்சியான அதிகாரமன்று. கைபிடித்து நடத்தப்பட்ட பிள்ளை விலகி நடந்துபோன வேதனையும் அங்கே உண்டு. ஆயினும் நடக்கவே கற்பித்திருக்க வேண்டாம் என்று அத்தந்தை எண்ணியதாக அங்கே காணோம்.

இவ்வளவு சொன்னபின் ஓர் எதிர்ப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். குழாயடியில் தண்ணீர் பிடித்து, சமைத்து, ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் ஒரு தாயிடம் “அம்மா, பொறுமையாயிருங்கள், குழந்தையே பொத்தான் போடட்டும்” என்று சொல்வது மலிவான உபதேசம். அவர் பொத்தானைப் பறித்துப் போட்டுவிடுகிறார் என்றால் அது அன்புக் குறைவன்று, அவரிடம் நேரமில்லை. பணத்தைப் போலவே நேரமும் நம்மிடையே சமமாகப் பங்கிடப்படவில்லை. ஆகவே இக்கேள்வி அவரை நோக்கி எழுவதற்கு முன், அதே வேளையில் நாளிதழும் கையுமாய்த் திண்ணையில் அமர்ந்திருக்கும் தந்தையரை நோக்கி எழட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஐந்து வயதுச் சிறுமி துடைப்பம் பிடிக்கக் கற்றால் “பொறுப்பான பிள்ளை” என்கிறோம். அடுத்த வாரம் முதல் அது அவள் வேலையாகிவிடுகிறது. அவள் அண்ணன் அதே துடைப்பத்தை எடுத்தால் வீடே கூடிச் சிரிக்கிறது. அவள் கற்ற திறன் ஒவ்வொன்றும் அவள்மேல் ஏற்றப்படும் சுமையாகுமானால், நாம் கொண்டாடியது அவள் வளர்ச்சியையா, நம் வசதியையா?

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியது முதல் நம் மனத்தை உறுத்துவது வேறொரு கேள்வி. திறனைக் கொண்டாடும் வீட்டில், திறன் வாய்க்காத குழந்தையின் நிலை என்ன? பொத்தானை ஒருபோதும் தானாகப் போட இயலாத பிள்ளைகளும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். குழந்தையின் மாண்பு அது கற்றதில் இருக்கிறதென்றால் இவர்கள் வெறுங்கையராகிவிடுவர்; அது ஒருக்காலும் உண்மையாகாது. அப்படியானால் “நானே” என்னும் சொல்லுக்கு இவர்களிடம் பொருளே இல்லையா?

இல்லச் சந்திப்பின்போது நாம் கண்ட ஒரு தாயை இங்கே குறிப்பிட வேண்டும். அவர் மகனுக்கு வயது பதினான்கு, பேச்சு இல்லை, விரல்கள் வசப்படுவதில்லை. தாய் பொத்தானைத் துளையருகே கொண்டுசெல்கிறார், பாதி நுழைக்கிறார், பிறகு மகனின் கட்டைவிரலை அதன்மேல் வைத்துவிட்டுத் தம் கையை எடுத்துக்கொள்கிறார். காத்திருக்கிறார். விரல் அசைகிறது, நழுவுகிறது, மீண்டும் அசைகிறது. கடைசித் தள்ளல் அவனுடையது.

“எல்லாத்தையும் அவன்தான் போடுறான், சாமி” என்றார் அந்தத் தாய். ஐந்து பொத்தானுக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டோம். கால் மணி நேரம் ஆகிறதென்றும், அதற்காகக் கால் மணி நேரம் முன்னதாக எழுந்துவிடுவதாகவும் சொன்னார்.