இயந்திரம் கேட்கும் கேள்வியும் நமது பதிலும்

வைத்தியரின் சீட்டு இல்லாமல், இருதய நோயைத் தடுக்கும் மருந்தை ஒருவர் தாமே தெரிவு செய்து வாங்கலாமா? வாங்கி, அதனால் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? நம் குடும்பங்கள் சிந்திக்கவேண்டிய கேள்வி இது.

கொலஸ்டரோலைக் குறைக்கும் சிம்வஸ்டற்றின் 10 மில்லிகிராம் குளிசையை மருந்துக்கடையில் கேட்டு வாங்க பிரித்தானியா 2004இல் அனுமதித்தது. அங்கே கேள்வி கேட்டவர் மருந்தாளர். அமெரிக்காவிலோ அந்த வேலையைக் கணினியிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ரொசுவஸ்டற்றின் என்னும் மருந்துக்காக 1,196 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2024இல் வெளியானது. வயது, இரத்த அழுத்தம், கொலஸ்டரோல் அளவு, மற்ற நோய்கள், எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் இணையம் வழியாகக் கேட்டு, இம்மருந்து உங்களுக்குப் பொருந்துமா இல்லையா என்று கணினி சொன்னது. நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் அந்த முடிவு வைத்தியர்களின் முடிவோடு ஒத்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் மிகுதிப் பத்துப் பேரும் மனிதர்களே.

வருமானவரிக் கணக்கு எழுதும் நமக்கு இம்முறை புதிதல்ல. பிரித்தானியாவில் 1996இல் சுயமதிப்பீட்டு வரிமுறை வந்தது. நாமே அறிவிக்கிறோம், அரசு நம்புகிறது. கூட்டல் கழித்தலில் கணினி பிழைவிடாது. நாம் எழுதிய தொகை பொய்யானால் விடையும் பொய்யாகும். வரிக் கணக்கைப் பின்னர் திருத்தலாம், தண்டமும் கட்டலாம். உடம்பின் கணக்கு அப்படித் திருத்த இடம் தருவதில்லை.

நமது வீடுகளில் என்ன நடக்கிறது? ஆங்கிலப் படிவத்தைப் பிள்ளைகளே நிரப்புகிறார்கள். மகனுக்கு முன்னால் தந்தை தாம் குடிக்கும் அளவைச் சொல்லமாட்டார். ஊரிலிருந்து வந்த சூரணத்தை அம்மா மருந்தாகவே எண்ணுவதில்லை. “எல்லாத்துக்கும் இல்லை எண்டு போடு” என்பார்கள். இது வஞ்சகம் அல்ல, கூச்சம். விளைவு மட்டும் ஒன்றே.

“உங்கள் இனம் எது?” என்ற கேள்விக்கும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அகதிகளாக வந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் இயல்பு. ஆயினும் இங்கே அதற்குக் காரணம் உண்டு. ஆசிய வம்சத்தினரின் இரத்தத்தில் ரொசுவஸ்டற்றினின் அளவு கூடுதலாக ஏறக்கூடும். ஆகவே அவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கவே அறிவுறுத்தப்படுகிறது.

அப்படியானால் முழுப் பொறுப்பும் நம்முடையதா? இல்லை என்பதே நமது கருத்து. உண்மை சொல்வது வாங்குபவரின் கடமை. கேள்வியை அவருக்கு விளங்கும் மொழியில் கேட்பது விற்பவரின் கடமை. விளங்காத கேள்விக்கு ‘ஆம்’ என்று அழுத்துவது சம்மதம் ஆகாது. தெரிவு செய்யும் உரிமையைக் கொடுத்துவிட்டு, கேட்டுத் தெளிய ஒரு மனிதரை அருகில் வைக்காவிட்டால், அது உரிமை அல்ல, சுமை.

ஆகவே பெற்றோருக்காகப் படிவம் நிரப்பும் இளையோருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். குளிசை, சூரணம், எண்ணெய் எல்லாவற்றையும் மேசையில் வைத்துப் பெயர்களை எழுதுங்கள். அந்தரங்கமான கேள்வி வந்தால் சற்று விலகி, அவர்களே பதில் அழுத்த விடுங்கள். ஐயம் இருந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள். இயந்திரத்துக்கு முன்னால் சொன்னாலும் பொய் பொய்தான். அதன் விலையைக் கொடுப்பது நாம் நேசிப்பவரின் உடல்.