கருமணலும் கருத்துக்கேட்பும்

மின்சார வாகன மோட்டாரில் உள்ள காந்தத்துக்கு நியோடிமியம் என்ற அருமண் தனிமம் வேண்டும். அது மோனசைட் என்ற கனிமத்தில் கிடைக்கிறது. மோனசைட் குமரி மாவட்டக் கடற்கரையின் கருமணலில் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்ததும் இந்திய வாகனத் தொழிற்சாலைகள் திண்டாடின. (அப்போது தட்டுப்பாடான டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் நம் மணலில் சொற்பம் என்பதை மட்டும் யாரும் உரக்கச் சொல்வதில்லை.) எப்படியானாலும் தேவை பொய்யல்ல. கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க ஒன்றிய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் போட்டிருக்கும் திட்டத்தை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது.

நிறுவனத்தின் வாதமும் லேசானதல்ல. மோனசைட்டில் தோரியம் இருப்பதால்தான் கரையில் கதிரியக்கம். அதைப் பிரித்தெடுத்து மிச்ச மணலைத் திரும்பக் கொட்டினால் கதிர்வீச்சு குறையும் என்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அதே நிறுவனத்தின் மணவாளக்குறிச்சி மணல் ஆலையைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் புற்றுநோய் அச்சம் வீட்டுக்கு வீடு பேசப்படுகிறது. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதற்குச் சான்றில்லை என்றது. அதைக் காட்டி வாயடைப்பது நேர்மையல்ல. அந்த ஆய்வு இயற்கைக் கதிர்வீச்சைப் பற்றியது. மணல் அள்ளுவதன் விளைவை அளக்க நடந்ததல்ல. மணல்மேடு போனபின் அலை எதுவரை ஏறும் என்ற கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

நம்பிக்கை ஏன் இல்லை என்று கேட்பவர்கள் 2013ஐ நினைத்துப் பார்க்கலாம். தென்மாவட்டக் கடற்கரைகளில் தனியார் தாது மணல் அள்ளியதில் முறைகேட்டுப் புகார்கள் குவிந்து, ஐஏஎஸ் அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு போட்டு, மாநில அரசே தாது மணல் எடுப்புக்குத் தடை விதிக்க நேர்ந்தது. அவர்கள் வேறு, நாங்கள் வேறு என்று அரசு நிறுவனம் சொல்லலாம். கண்காணிக்க வேண்டியிருந்த அலுவலகங்கள் வேறா?

2024 அக்டோபரில் கிள்ளியூர் திட்டத்துக்காக நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி இந்தக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உயர் அதிகாரியோ தலைமை தாங்குவார். எல்லாம் வீடியோவில் பதிவாகும். சொல்லப்பட்டவை கடைசியில் உள்ளூர் மொழியில் வாசிக்கப்படும். இத்தனை இருந்தும், ஊரே வேண்டாம் என்றாலும் திட்டம் நிற்காது. இது சம்மதம் கேட்பதே அல்ல. ஆனாலும் வலை பின்னும் ஒருவர் கேட்கும் கேள்விக்கு நிறுவனம் நேருக்கு நேர் பதில் சொல்லியே ஆகவேண்டிய இடம் இது ஒன்றுதான். 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் இதிலிருந்தே விலக்கு அளித்துவிட்டது. நாட்டின் பாதுகாப்பு காரணமாம். எதிரிக்குத் தெரியக்கூடாத எதைத் திட்டப் பகுதியிலுள்ள மிடாலத்து மக்கள் கேட்டுவிடுவார்கள்?

மறுப்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. குமரியில் எடுக்காத அருமண் சீனத்தின் பாவோதோவிலிருந்தோ மியான்மரின் கச்சின் மலைகளிலிருந்தோ வரும். அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை, கழிவு ஏரியிலும் ஓடையிலும் சேர்கிறது. மின்சார ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு அந்த ஊர்களை மறந்துவிடுவது அறமாகாது. இந்தக் கணக்கைக் காட்டி இங்குள்ள மீனவரின் வாயை மூடுவது அதைவிடக் கேடு, ஏனென்றால் சுமை ஓர் ஏழையிடமிருந்து இன்னோர் ஏழைக்கு மாறுகிறதே தவிர ஸ்கூட்டர் ஓட்டுபவரிடம் வருவதேயில்லை.

விலக்கு ஆணை கட்டாயத்தைத்தான் நீக்கியது. கூட்டம் நடத்தக்கூடாது என்று எங்கும் தடுக்கவில்லை. அளவுமானியை ஊராருக்கு நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்து, முதல் லாரி வருவதற்கு முன்பே ஒவ்வொரு ஊரின் கதிர்வீச்சையும் நோய்க் கணக்கையும் எடுத்து வெளியிட்டு, அந்தத் தாளோடு மிடாலத்தில் பந்தல் போட்டு உட்கார ஐஆர்இஎல் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.