கோல் யார் கணக்கில்?

'போடி ஏலக்காய்' என்று கேட்டு வாங்குகிறோமே... அது விளைவது பெரும்பாலும் மலைக்கு மேலே, கேரளத்து இடுக்கியில். விடியக் காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி போடிமெட்டு வழியாகப் போய்ப் பறிக்கிறார்கள் நம்மூர்ப் பெண்கள். ஏலம் நடப்பது கீழே. பேர் போடிநாயக்கனூருக்கு! காமர்ஸ் படித்த புத்தி எனக்கு. இந்த வரவை யார் கணக்கில் எழுதுவது என்று அரித்துக்கொண்டே இருக்கும்.

சைமன் சுந்தர்ராஜ் விஷயத்திலும் அதே அரிப்பு. யார் அது என்கிறீர்களா? 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்குக் கால்பந்து ஆடிய தமிழர். பெருவிடம் 3-1 என்று தோற்றோம். நம்முடைய அந்த ஒரு கோல், இவர் போட்டது. அதற்கப்புறம் நம் கால்பந்து அணி ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெறவே இல்லை. ஆக, ஒலிம்பிக்ஸில் இந்தியா போட்ட கடைசி கோல் அதுதான்.

ஆட்டக்காரருக்கு இது பெருமை. ஆனால், சைமன் பிறகு கோச் ஆகிவிட்டாரே! தன்னைவிட நன்றாக ஆடுகிறவர்களை உருவாக்குவதுதானே கோச்சின் பிழைப்பு? அப்படிப்பட்டவர் பேரில் ஒரு சாதனை, அறுபது வருஷத்துக்கு மேல் ஆள் தொடாமல் கிடந்தால் அது சந்தோஷமா, துக்கமா? என்னைக் கேட்டால் துக்கம்தான்.

1973-ல் கேரளா முதல்முறையாக சந்தோஷ் டிராபி ஜெயித்தது. எர்ணாகுளத்தில் ஃபைனல், ரயில்வேஸுக்கு எதிராக 3-2. மூன்று கோலும் கேப்டன் மணி அடித்தவை. கேரளாவில் அவர் பேரே 'கேப்டன் மணி' என்று நிலைத்துவிட்டது. அந்த அணிக்கு கோச், நம் சைமன். ஸ்கோர்போர்டில் கோச்சுக்கு ஏது இடம்? தோற்றால் மட்டும், 'யாருப்பா கோச்சு?' என்று மறக்காமல் கேட்பார்கள்.

ரோமில் போட்ட கோலைவிட, எர்ணாகுளத்தில் அவர் போடாத மூன்று கோல்தான் பெரிசு என்பேன். ஆடத் தெரிந்த கால், கோட்டுக்கு வெளியே சும்மா நிற்க வேண்டும். லேசுப்பட்ட காரியமா அது? பையனுடைய சயின்ஸ் ப்ராஜெக்டை ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து தானே ஒட்டி முடிக்கிற அப்பாக்களைக் கேளுங்கள். நாலு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடிகிறதா நம்மால்? பரிசு வாங்குவது பையன். ஜெயித்தது யார்? உதவி என்ற பேரில் பிள்ளையிடமிருந்து எதையோ திருடுகிறோமோ என்றுகூடத் தோன்றுகிறது.

ஏலத் தோட்டக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஏலச்செடிக்கு நேர் வெயில் ஆகாது, மர நிழல் வேண்டும். அதற்காக நிழலை அப்படியே அடைய விட்டால் செடி தழைதழையென்று வளருமே தவிர, காய் குறைந்துவிடும். அதனால் மழைக்கு முன்னால் ஆளை ஏற்றிக் கிளையைக் கழிக்கிறார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் சாமர்த்தியம். நாற்று நட்டால் காய்க்க மூன்றாம் வருஷம் ஆகிவிடும். அதுவரை பொறுமை வேறு வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸிலும் நம் கால்பந்து அணி இல்லை. சைமனின் கோலை இன்னும் யாரும் பழசாக்கவில்லை.