எலியின் மூச்சும் நம் கடனும்

காரைக்காலை அடுத்த சுரக்குடியில் வாழும் சைவ அன்பர் ஒருவர், பிளியோமைசின் என்னும் மருந்தை ஏற்றுப் புற்றுநோயினின்று உய்ந்தவர். அம்மருந்து சிலர்க்கு நுரையீரலைத் தழும்புறச் செய்யும் என்பதும், அவ்வூற்றை ஆராய்தற்பொருட்டு எலிகட்கு அதனையே செலுத்தி நோயுறுவிப்பர் என்பதும் பின்னர் அறிந்து, "புலால் மறுத்த யான் அவ்வெலிகட்குக் கடன்பட்டேனோ?" என்று எம்மை வினவினார். எளிதில் விடையிறுக்கற்பாலதன்று இவ்வினா.

ஊறு எந்நாளில் எவ்வளவினது என்றறிதற்கு, பழைய முறையில், குறித்த நாள்தோறும் சில எலிகளைக் கொன்று நுரையீரலை அறுத்துப் பார்ப்பர். உயிருடன் பார்க்கலாமெனின், எம்.ஆர்.ஐ. கருவி பெரிதும் நீரிலுள்ள ஐதரசனைக் கொண்டே படம் எழுதுவதாகலின், காற்று நிறைந்த நுரையீரல் அதன்கண் இருண்டு தோன்றும். 1994-இல் வேறொரு வழி பிறந்தது. செனான் என்னும் வாயுவின் அணுக்கருக்களை லேசர் ஒளியின் துணையால் ஒருமுகப்படுத்தி நுரையீரலுட் செலுத்தின், அவ்வாயுவே படத்திற்கு விளக்காகின்றது. அஃது உள்ளிருக்கும் மெல்லிய சவ்விற் கரைந்து குருதியின் செவ்வணுக்களைச் சேரும். சவ்வு தடித்தவிடத்து அவ்வாறு சேர்தல் குறையும். பிளியோமைசினால் ஒருபக்க நுரையீரல் ஊறுற்ற எலிகளில் இதனைக் கண்டு, அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகத்தார் 2006-இல் வெளியிட்டனர்.

இம்முறையால் ஒரே எலியைப் பலகாற் பார்க்கலாம். கொல்லப்படும் தொகை குறையும். நன்றே. ஆயினும் சித்தாந்தி இத்தொகைக் கணக்கோடு அமைதல் ஒல்லுமோ? உயிர்கள் எண்ணிலவாயினும் தனித்தனியானவை. ஒன்று நோவாமை மற்றொன்றின் நோவைக் கழிக்காது. திருவாரூரில் தேர்க்காலிற் பட்டிறந்த கன்று ஒன்றே. மனுவேந்தன் நாட்டில் எஞ்சிய கன்றுகளை எண்ணி ஆறினானல்லன். தாய்ப்பசு ஒன்றன் துயரத்தையே முழுதாக அளந்தான்.

மேலும், முன்னாளிற் கொல்லப்பட்ட எலி விரைவில் நோவொழிந்தது. இக்காலத்து எலியோ அடுத்த படத்தின்பொருட்டு நாள் பல மூச்சுத்திணறி வாழ்தலும் கூடும். ஈண்டே யாம் கருதுவது உளது. அறுத்துப் பார்த்தவன், "உள்ளே நிகழ்ந்தது அறிந்திலேன்" என்று கூறுதற்கு இடமுண்டு. உயிருள் ஊற்றை நாடோறும் காணும் கருவி பெற்றவனுக்கு அச்சொல் செல்லாது. ஊறு முற்றுதலைப் படத்திற் கண்டும் நிறுத்தாதவன், அறியாது தேரூர்ந்த இளவரசனோடு ஒப்பவைக்கத் தக்கவனல்லன். நம் நாட்டு 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டமும், இயன்றவிடத்தெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்கவே சொல்லுகின்றது. 2023-இல் மருந்து விதிகள் திருத்தப்பெற்று, மனித உயிரணுக்களிற் செய்யும் சோதனைக்கும் இடந்தந்தன. இவற்றைப் படித்தவர் பலர். நடைமுறையிற் கொண்டவர் எத்துணையரோ!

அன்பர்க்கு யாம் கூறியது இது: வினையெனின், ஏவாமையும் உடன்படாமையும் நோக்கி நுமக்கு இல்லையென்பேம், கடனெனின், உண்டு. செனான் வாயுவை மாந்தர் உட்கொண்டு நுரையீரலைக் காண்டற்கு அமெரிக்காவில் 2022-இல் இசைவளித்துள்ளனர். நோயுற்றாரே தம் மூச்சைக் காட்டுவராயின், அவ்வளவிற்கு எலி பிழைக்கும் என்றேம். அவர் சிறிது வாளாவிருந்து, "அக்கருவி இப்பக்கம் வருமாயின் யானே முதற்கண் அதனுட் கிடப்பேன்" என்றார்.