துல்லியம் குறித்து

கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டுகிறவர்களைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் புழக்கத்தில் உண்டு. இவர்கள் வளர மறுத்த பையன்கள் என்பது ஒன்று. கொலையை ஒத்திகை பார்க்கிறவர்கள் என்பது மற்றது. இரண்டும் சோம்பேறித்தனமான அபிப்பிராயங்கள். பத்தாண்டுகளுக்கு மேல் இந்தக் காரியத்தில் கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களை ஆட்கொண்டிருந்தது விளையாட்டும் அல்ல, வன்மமும் அல்ல. துல்லியம். அதை ஒரு ஒழுக்கமாகவே நாங்கள் பாவித்தோம். அந்த ஒழுக்கம் எதுவரை செல்லுபடியாகும் என்பதுதான் இங்கே என் பிரச்னை.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை. ஞாயிறு மாலைகளில் ஐந்து பேர் கூடுவோம். ஒருவர் வங்கிக் குமாஸ்தா, ஒருவர் லேத் பட்டறைக்காரர், ஒருவர் கல்லூரி ஆசிரியர். கரண்ட் போகும் நேரம் பேச்சுக்கு, வந்த நேரம் வேலைக்கு. ஆட்டத்தை ஆடுவதைவிட அதன் கோப்புகளைத் திறந்து மாற்றுவதில்தான் எங்கள் பொழுது கழிந்தது. 'மாட் போடுவது' என்போம். உலகெங்கும் இப்படிப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். 1998-ல் வந்த 'ஃபால்கன் 4.0' ஆட்டத்தின் மூல நிரல் 2000-ல் கசிந்து வெளியேற, அதை வைத்துக்கொண்டு ரசிகர்களே அந்த ஆட்டத்தை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஓலெக் மட்டாக்ஸின் 'இல்-2' (2001) பூட்டிய பெட்டியாக இருந்தது. 2007-ல் பூட்டை உடைத்தபோது, இனி எவனும் ஏமாற்றலாம் என்று அந்த உலகமே இரண்டுபட்டது. நாங்கள் பிடித்துக்கொண்டது சுயோஷி கவாஹிட்டோ செய்த 'ஸ்ட்ரைக் ஃபைட்டர்ஸ்' (2002). காரணம் எளியது. அதன் விமானங்களும் நிலமும் சாதாரண எழுத்துக் கோப்புகளில் விவரிக்கப்பட்டிருந்தன. நோட்பேடில் திறக்கும். படிக்கத் தெரிந்தவன் மாற்றலாம்.

'நாட்' விமானத்தை எடுத்துக்கொண்டு எட்டு மாதம் உழைத்தோம். இறக்கையின் அகலம் 22 அடிதான், ஒரு பஸ்ஸின் நீளத்தைவிடக் குறைவு. மாக் எண் ஏற ஏறக் காற்றின் இழுவிசை எப்படி மாறுகிறது என்பதை ஆட்டம் ஒரு அட்டவணையில் கேட்கும். ஒரு எண்ணைத் தசமத்தில் நகர்த்தினால் திருப்பத்தில் விமானம் வேறு ஜன்மம் எடுத்துவிடும். 1965 யுத்தத்தில் நாட்டின் 30 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டது பதிவான செய்தி. அதையும் வைக்க வேண்டுமா என்று ஒரு மாலை முழுக்க விவாதம். சிக்காத துப்பாக்கி பொய் என்றார் பட்டறைக்காரர். வெற்றிக்கு உதவாத ஒரு உண்மைக்காக அவர் அப்படி வாதாடியதை நான் இன்னும் மரியாதையோடு நினைக்கிறேன். இலக்கியக் கூட்டங்களில்கூட ஒரு சொல்லுக்காக அவ்வளவு பிடிவாதம் பிடித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

பிறகு நிலம் செய்ய ஆசை வந்தது. அதற்குக் காரணம் கயத்தாறு. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு ஓடுதளம் போட்டுப் பின்னால் கைவிட்டார்கள். 1799 அக்டோபரில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே ஊர். எங்களுக்கு எட்டும் தூரத்தில் ஒரு நிஜமான போர் ஓடுதளம் இருந்திருக்கிறது என்பது போதுமானதாக இருந்தது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கையே செய்துவிடுவது என்று இறங்கினோம்.

மலைகளின் உயரம் ஓசியில் கிடைத்தது. 2000 பிப்ரவரியில் 'எண்டவர்' விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த கணக்கு அது. அளந்ததில் அமெரிக்க ராணுவத்தின் வரைபடத் துறைக்கும் பங்கு உண்டு என்பதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. தொண்ணூறு மீட்டருக்கு ஒரு புள்ளி. பொதிகை அதில் கம்பீரமாக எழுந்தது. அகத்தியமலை 1868 மீட்டர், அச்சு அசல். ஆனால் தொண்ணூறு மீட்டருக்குள் அடங்குகிற எதுவும் அதில் இல்லை. படித்துறைகள் இல்லை, கால்வாய்கள் இல்லை, வயல் வரப்பு இல்லை. மனிதன் கை வைத்த எதுவுமே இல்லாத ஒரு திருநெல்வேலி.

மனிதன் கை வைத்தவற்றைத் தனியே எழுதிச் சேர்க்க வேண்டும். அந்தக் கோப்பின் பெயர் 'டார்கெட்ஸ்'. அதாவது, இந்தக் கோப்பில் எழுதப்படும் ஒரு கட்டிடம் இந்த உலகத்துக்குள் இலக்காக மட்டுமே வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டார்கெட் வேல்யூ' எழுத வேண்டும்: அழித்தால் எவ்வளவு பெறும் என்று. எத்தனை அடி தாங்கும், அழிந்தால் எந்த வேகத்தில் திரும்பச் சரியாகும், இவற்றுக்கும் வரிகள் உண்டு. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதற்கு வரி கிடையாது. ஏதோ ஒரு அமெரிக்க ஊருக்கோ கற்பனைப் பாலைவனத்துக்கோ நிரப்பும்போது இது உறுத்தியதில்லை. 1843-ல் சுலோசன முதலியார் தன் காசில் கட்டிக்கொடுத்த பாலத்துக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டி வந்தபோது கை நின்றது. நின்றதே தவிர, போட்டேன். ஐம்பது.

(ராணுவ தர்க்கப்படி பள்ளத்தாக்கின் முதல் இலக்கு பாலம் அல்ல. கடலடியில் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம் விஜயநாராயணத்தில் 1990-லிருந்து இருக்கிறது. தூக்கிலிடப்பட்டவனின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அதை நாங்கள் சேர்க்கவில்லை. பயம்தான்.)

முதல் சோதனை ஓட்டத்தில் குமாஸ்தா பாலத்தில் குண்டு போட்டார். காப்பி கொண்டுவந்த என் அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "ஏல, இது நம்ம கொக்கிரகுளம் பாலம்லா? இதுல ஏன் குண்டு போடுதிய?" என்றாள். சிரித்தோம். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எங்களுக்கு முந்திய தமிழ்க் கவிஞர்கள் இந்த இடத்தில் இவ்வளவு திணறவில்லை என்று பிற்பாடு தோன்றியது. புறத்திணையில் கொற்றவள்ளை என்றொரு துறை: வேந்தன் புகழைச் சொல்லி, அவன் பகைவரின் நாடு அழிவதற்கு இரங்குவது. அந்த இரக்கம் புகழுக்கு ஊறுகாய் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் எரிகிற ஊர் அதில் கண்ணுக்குத் தெரிந்தது. கலிங்கத்துப் பரணியில் களத்தைப் பாடுவது பேய்கள். நிற்கிற இடம் தரை. எங்கள் கலையில் பார்வை எப்போதும் மேலிருந்துதான். வலிமை மனிதனைப் பொருளாக்கிவிடுகிறது என்று இலியத் காவியத்தைப் பற்றிய கட்டுரையில் ஸிமோன் வெய்ல் எழுதினார். இங்கே அந்தக் கஷ்டம்கூட இல்லை. பொருள் ஏற்கனவே பொருளாகவே தயாரிக்கப்பட்டிருக்கிறது.

இதற்குச் சுலபமான ஒரு பரிகாரம் உண்டு: தரையில் மனிதர்களையும் வைத்துவிடுவது. அதையும் யோசித்தேன். வைத்தால் அவர்களும் 'டார்கெட்ஸ்' கோப்பில்தான் வருவார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண்ணோடு. மனிதர்களை விட்டுவிடுவது பொய், சேர்ப்பது ஆபாசம். இந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் கொஞ்ச காலம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

2012-ல் ஆறாவதாக ஒரு பையன் வந்து சேர்ந்தான். கல்லூரி ஆசிரியரின் மாணவன். வன்னியிலிருந்து 2006-ல் படகில் வந்து, மண்டபம் வழியாக எங்கள் பக்கத்து முகாம் ஒன்றுக்கு வந்த குடும்பம். அதிகம் பேசமாட்டான். எங்கள் எல்லோரையும்விட நன்றாக விமானம் ஓட்டினான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயத்தில் நான் ஒரு 'கிபிர்' விமானத்துக்கு இலங்கை விமானப் படையின் வண்ணம் பூசிக்கொண்டிருந்தேன். இஸ்ரேல் செய்தது, 1996-லிருந்து இலங்கையிடம் இருந்தது. சாம்பல் நிறத்தின் சாயல் சரியாக வரவில்லை என்பதே என் கவலை. அவன் வந்ததும் மறைத்திருக்க வேண்டுமோ என்று யோசித்தேன். அதற்குள் பார்த்துவிட்டான். சத்தத்தைப் போடச் சொன்னான். போட்டேன்.

"சத்தம் பிழை, அண்ணை."

என்ன பிழை என்றேன்.

"உதில பிளேன் நிக்கிற பக்கத்தில இருந்தே சத்தம் வருது. அப்பிடி வராது. சத்தம் வாற பக்கம் பாத்தா அங்க ஒண்டும் இராது. அது தாண்டிப் போயிருக்கும். சத்தத்துக்கு முன்னாலதான் தேட வேணும்."

கணக்குப் போட்டால் சரி. மூன்று கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஒன்பது விநாடி. அதற்குள் விமானம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் முன்னே போயிருக்கும். எங்கள் ஐந்து பேருக்கும் தெரியாத ஒரு பௌதிக உண்மை, பதுங்கு குழியில் வளர்ந்த ஒரு குழந்தைக்குத் தெரிந்திருந்தது. 1914-ல் சென்னையைச் சுட்டுவிட்டுப் போன 'எம்டன்' கப்பல் நம் பேச்சில் கெட்டிக்காரனுக்குப் பெயராகிவிட்டது. 'பெரிய எம்டன்' என்கிறோம், பாதி மெச்சி. 'கிபிர்' என்ற சொல்லை ஈழத் தமிழில் எவரும் மெச்சிச் சொல்லிக் கேட்டதில்லை. 2006 ஆகஸ்ட் 14 அன்று செஞ்சோலை வளாகத்தின் மேல் வந்தவை அவை. ஒரு மொழி ஆயுதத்தை எந்தத் தூரத்திலிருந்து பார்த்தது என்பது சொல்லிலேயே தங்கிவிடுகிறது.

சில வாரம் கழித்து ஒரு உதவி கேட்டான். ஒரு வீடு, ஒரு கிணறு, பத்துப் பனை. சமதரையில் எங்காவது வைத்தால் போதும். கூரை எட்டு மீட்டர் அகலம், ஓடு. வைத்துக் கொடுத்தேன். 'டார்கெட் வேல்யூ' வரியில் பூஜ்யம் எழுதினேன். அது எனக்கு ஒரு நல்ல காரியமாகப் பட்டது. அவன் கிபிரை எடுத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் அந்த வீட்டின் மேல் போனான். குண்டு ஏற்றவில்லை. திரும்பி வந்தான், மறுபடி போனான். நாலைந்து தடவை. பிறகு, "மேல இருந்து பாத்தா வீடு எண்டு தெரிஞ்சிருக்காது போல, என்ன அண்ணை?" என்றான்.

திரையில் தெரியவில்லை என்பது உண்மை. "தெரியாதுப்பா" என்றேன். தலையை ஆட்டினான். கணினியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

அன்று இரவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று கிலோமீட்டரில் எட்டு மீட்டர்க் கூரை ஏறத்தாழ ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்கு. நல்ல கண் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். எங்கள் திரையோ அறுபது பாகைக் காட்சியை 1024 புள்ளிகளில் காட்டுவது. அந்தக் கூரைக்கு மூன்று புள்ளிகூடத் தேறாது. அதாவது தெரியாதது திரைக்குத்தான். வானம் தெளிந்திருந்து, பார்க்க மனமும் இருந்தால், மேலே இருந்தவனுக்குத் தெரிந்திருக்கும்.

இதை அவனிடம் நான் சொல்லவில்லை. நாட்டின் துப்பாக்கி சிக்க வேண்டுமா என்று ஒரு மாலையைச் செலவழித்தவர்கள் நாங்கள். அவன் ஒருவன்தான் எங்கள் துல்லியத்திடம் ஒரு மெய்யான கேள்வியைக் கொண்டுவந்தான். அவனுக்குத் தப்பான விடையைக் கொடுத்துவிட்டு, திருத்தாமல் இருந்தேன். கருணை என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். யாருக்குக் கருணை என்று கேட்டால் குழம்புகிறது. வீடு தெரியாமல் போட்டான் என்றால் அந்த விமானிக்கு ஒரு தப்பிப்பு கிடைக்கிறது. பையனுக்கும் ஒருவேளை கொஞ்சம் தூக்கம் கிடைத்திருக்கலாம். ஆனால் சாம்பல் நிறம் சரியாக வர வேண்டுமென்று மூன்று வாரம் உட்கார்ந்திருந்த எனக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது. இந்த மூன்றையும் என்னால் தனித்தனியே பிரிக்க முடியவில்லை. உண்மையை அவனுக்குச் சொல்லும் உரிமை எனக்கு இருந்ததா என்பதும் தெளிவில்லை. இல்லாத உரிமையைக் காரணம் காட்டிப் பொய்யைச் சொல்லும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டேன் என்பது தெளிவு.

அவன் இப்போது வேறு தேசத்தில் இருக்கிறான். எப்போதாவது பேசுகிறோம், விமானங்களைப் பற்றித்தான். அந்த வீட்டைப் பற்றி அவனும் கேட்டதில்லை. நான் போட்ட கணக்கு பெரிய வித்தை ஒன்றுமல்ல, ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும். அவன் படித்தது இயற்பியல்.